கையில் ஒட்டாத மை

மையின் மனமறிந்த மாண்புடையீர்! கோடு கோணினால் குற்றம் கூர்முனையிலா, குழாயிலா, காகிதத்திலா என்று கண்ட கணமே கூறவல்ல கூர்மையுடையீர்! பிறர் பிழையைப் பிறர் காணாமல் பொறுக்கும் பெருந்தகையீர்! பொள்ளாச்சியில் பிறந்து, பேட்டர்சன் சாயச்சாலையில் பயின்று, பார்சிப்பனியில் பதினோராண்டு பணியாற்றி, ஷிராசாகி பேனா பென்சில் நிறுவனத்தின் சோதனைக்கூடத்தைச் சொந்த வீடெனப் பேணிய அன்னையீர்! திருமதி புஷ்பவல்லி சிவராமகிருஷ்ணன் அவர்களே! வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், உரிமையோடு சற்று வம்பும் பேசப்போகிறோம், பொறுத்தருள்க!

நேற்று அலுவலகத்தில் ஆங்கிலத்தில் உங்களுக்கு விடைகொடுத்தார்கள். கேக்கின்மேல் எழுதியிருந்த உங்கள் பெயரில் ஓரெழுத்து விடுபட்டிருந்தது. அதை வாங்கி வந்த பெண் கண்டு கலங்குவதற்குள், நீங்கள் அந்த இடத்திலேயே கத்தியை வைத்து முதல் துண்டை வெட்டிவிட்டீர்கள். பதினோராண்டுப் பண்பைச் சொல்லப் பட்டியல் எதற்கு? அந்த ஒரு துண்டு போதும்.

இன்று இந்தப் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கூடத்தில், உங்கள் தமிழ்த் தோழர்கள் தமிழில் விடைகொடுக்க வந்திருக்கிறோம். ஆனால் ஓர் இடர் உண்டு. எதிரே நின்று உங்களைப் புகழ்ந்தால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று பாதியில் மறித்துவிடுவீர்கள். ஆகவே சற்று நேரம் உங்களை "அவர்" என்றே சொல்லப்போகிறோம். வேறு யாரோ ஒரு புஷ்பவல்லி அம்மையாரின் கதை என்று எண்ணிக் கேளுங்கள், பக்கத்திலிருக்கும் திரு. சிவராமகிருஷ்ணன் அவர்கள் தங்கள் துணைவியாரை எழுந்திருக்கவிடாமல் பார்த்துக்கொள்வாராக!

அந்த அம்மையாரின் கதை அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, ஒசாகா நகரத்துச் சந்து ஒன்றில் தொடங்குகிறது. அங்கே ஷிராசாகி என்னும் இளைஞர், தம்பியையும் மனைவியையும் துணைக்கொண்டு, தகரக் கொட்டகையில் பென்சில் செய்தார். களிமண்ணும் கரியும் கலந்து, கம்பியாக இழுத்து, சூளையில் சுட்டு, மரத்துக்குள் ஒளித்துவைக்கும் வேலை. அந்நாளில் பென்சில் செய்தோர் பலர். இவர் தம் பெட்டியின்மேல் இரண்டே சொற்களை அச்சிட்டார்: "கை கறுக்காது." ஏன் அவ்வாறு அச்சிட்டார் என்பது பின்னால் வரும், இப்போதைக்கு அந்த இரண்டு சொற்களை மட்டும் மனத்தில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகை தொழிற்சாலை ஆயிற்று. தொழிற்சாலை போரில் எரிந்து சாம்பல் ஆயிற்று. சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடியும் சூளையை மூட்டினார்கள். கலிபோர்னியாவின் தேவதாரு மரம் கப்பலேறிச் சென்று ஒசாகாவில் பென்சிலாகி, மறுபடியும் கடல் கடந்து அமெரிக்கக் குழந்தைகளின் கைக்கே வந்தது. பென்சிலுக்குப் பின் மைப்பேனா, மைப்பேனாவுக்குப் பின் பந்துமுனைப் பேனா, அதற்கும் பின் ஜெல் பேனா என்று வாரிசுகள் பிறந்தன. புதிய பிள்ளைகளின் பெட்டிகளில் புதிய வாசகங்கள் ஏறின. பழைய இரண்டு சொற்களை யாரும் விலக்கவில்லை, யாரும் நினைக்கவுமில்லை.

பார்சிப்பனிக் கிளைக்கு 1990இல் அம்மையார் வந்தார். புதிய பேனா எது வந்தாலும் முதலில் எழுதிப் பார்ப்பது அவர் பணி. கோடிழுப்பார், வட்டம் சுழிப்பார், ஈரத்துணியால் ஒற்றுவார், வெயிலில் காயவைப்பார். எழுதுவது இடக்கையால். ஆகவே மாலையில் வீடு திரும்பும்போது அவருடைய இடக்கையின் ஓரம், சுண்டுவிரலின் கீழ், எப்போதும் நீலமாக இருக்கும். ஈரமான எழுத்தின்மேல் இடக்கை ஊர்ந்து செல்வதால் படியும் நீலம் அது. அந்தக் கறை படியாத மைதான் நல்ல மை என்பது அவர் எழுதாத சட்டம்.

1994ஆம் ஆண்டின் இளவேனிலில் "ஷிசுகு" என்றொரு ஜெல் பேனா வந்தது. "துளி" என்று பொருள். பள்ளிக் குழந்தைகளுக்கென்றே செய்த பேனா. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது நாடெங்கும் கடைகளில் இருக்கவேண்டும் என்பது திட்டம். மற்றச் சோதனைகள் ஒசாகாவிலேயே முடிந்திருந்தன; பார்சிப்பனியில் நடக்கும் இறுதிச் சோதனையைக் காண, நிறுவனரின் பேரரும் நிறுவனத்தின் தலைவருமான முதியவர் ஷிராசாகி அவர்களே ஒசாகாவிலிருந்து வந்தார்.

அறை நிறைய ஆட்கள். முதியவர் எழுந்து, இடுப்பு வளையக் குனிந்து, இரு கைகளாலும் பேனாவை நீட்டினார். அம்மையாரும் எழுந்து, குனிந்து, இரு கைகளாலும் வாங்கினார். பிறகு அமர்ந்து எழுதினார்.

வலக்கையால் எழுதினார்!

ஆம், தோழர்களே. ஆண்டுக்கணக்கில் இடக்கையால் எழுதியவர், அன்று அந்த ஒரு தாளில் மட்டும், முதல் வகுப்புப் பிள்ளைபோல் முக்கி முனகி, வலக்கையால் எழுதினார். வலக்கை எழுத்தைவிட்டு விலகியே செல்லும் அல்லவா? தாள் பளிச்சென்று இருந்தது. எந்தக் கை என்று யாரும் கவனிக்கவில்லை; மேலாளர் ஓகுமுரா மகிழ்ந்து கைதட்டினார். முதியவர் தலையசைத்தார். சோதனை முடிந்தது என்று எல்லாரும் கலைந்தார்கள். அம்மையாரும், பெரியவர் நிறைவாகப் போனாரே என்ற நிம்மதியில், அந்தப் பேனாவை மறுபடியும் தம் கையில் எடுக்கவில்லை.

பள்ளி திறந்தது. தொலைபேசியும் வாய் திறந்தது. வாடிக்கையாளர் குறைகேட்கும் ரோஷினி ஒருநாள் மதியம் உணவறைக்கு ஓடிவந்தாள்.

"ஆன்ட்டி, டெக்ஸஸ்ல இருந்து ஒரு டீச்சர். அவங்க கிளாஸ்ல ஒரு குட்டிப் பையன், லெஃப்டி. அவன் எழுதின கதை ஃபுல்லா மை தேய்ஞ்சு ஸ்மட்ஜ் ஆகி, திரும்ப எழுதச் சொல்லி, திரும்பவும் ஸ்மட்ஜ் ஆகி, கடைசில எழுதவே மாட்டேன்னு அழறானாம். இந்த வாரம் இது மாதிரி எத்தனையாவது கால்னு தெரியுமா?"

விற்பனைப் பிரிவின் சந்தானம் சோற்றில் வைத்த கையை எடுத்தார். "லெஃப்ட் ஹாண்டா? அக்கா, நீங்கதானே டெஸ்ட் பண்ணீங்க? உங்க கையில ஒட்டாமலா இருந்துச்சு?"

அம்மையார் மெல்லச் சொன்னார்: "நான் அன்னிக்குச் சோத்தாங்கையில எழுதினேன், சந்தானம்."

"ஏங்க்கா?"

"அத்தனை பெரிய மனுசரு, ரெண்டு கையாலயும் குனிஞ்சு குடுக்கறாரு. நான் பீச்சாங்கையில எழுதிக் காட்டறதா? எங்கூர்ல பெரியவங்க முன்னால அந்தக் கைய நீட்டினாலே முதுகுல ஒண்ணு உழுவுமுங்க. யோசிக்கவே இல்ல. கை தானா மாறிப்போச்சு."

கிடங்குப் பொறுப்பாளர் தியாகராஜா, யாழ்ப்பாணத்துக்காரர், தலையில் கைவைத்தார். "ஐயோ அக்கா, என்ன விசர் வேலை செய்து வைச்சிருக்கிறியள்! அங்க கிடங்குக்குள்ள பெட்டி பெட்டியாத் திரும்பி வருகுது. நான் எங்க அடுக்கிறது?"

"சரி விடுங்க்கா," என்றார் சந்தானம். "வேலை போச்சுன்னா கவலைப்படாதீங்க. பிரிட்ஜ்வாட்டர்ல கோயில் கட்டப்போறாங்களாம். மடப்பள்ளியில நாம ரெண்டு பேரும் சேர்ந்து புளியோதரை கிளறலாம்."

"அங்கயும் கரண்டிய இந்தக் கையிலதான் புடிப்பேன். உள்ளயே உடமாட்டாங்க," என்றார் அம்மையார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் தட்டிலிருந்த சோறு அப்படியே இருந்தது.

சிரித்து மறக்கக்கூடிய நிலையா அது? பார்சிப்பனியில் சோதனைக்கூடம் எதற்கு, ஒசாகாவிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்ற முணுமுணுப்பு முன்பே இருந்தது. இந்தப் பிழை வெளியே தெரிந்தால் கூடத்துக்குப் பூட்டு. அம்மையாருக்கும் வேலை இராது. அந்தக் கோடையில்தான் அவருடைய கணவர் இதய அறுவை முடிந்து வேலையை விட்டு வீட்டிலிருந்தார். அம்மையாரின் வேலை போனால், இருவருக்குமான மருத்துவக் காப்பீடும் அதோடு போய்விடும். அமெரிக்காவில் அந்தக் கவலையை அறியாதார் இங்கே யாருமில்லை.

மேலாளர் ஓகுமுரா இரக்கமுள்ளவர். அம்மையாரைத் தனியே அழைத்து, பள்ளிகளில் மட்டமான காகிதம், அதுதான் காரணம் என்று சொல்லிவிடலாம் என்றார். இடக்கையால் எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள், மற்றவர்களுக்கு இந்தப் பேனாவே போதும் என்றார். அவர் காட்டிய வழி அகலமாக, நிழலாக இருந்தது.

இங்கே ஒரு சிறு கதை. ஒரு வண்டியில் இரண்டு காளைகள். ஒன்று பழகியது இடப்பக்கம். அங்கே பூட்டினால் கண்ணை மூடிக்கொண்டு ஊர் போய்ச் சேரும். ஒருநாள் அந்த வண்டியில் அரசரே ஏற வந்தார். வலப்பக்கம் உயர்ந்த இடம் என்று யாரோ பேசக் கேட்டிருந்த காளை, அரசருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று தானாகவே போய் வலப்பக்கம் நின்றது. வண்டி நூறடி போவதற்குள் கோணிக்கொண்டு வரப்பில் ஏறிச் சாய்ந்தது. அரசர் சேற்றிலிருந்து எழுந்து, கிரீடத்தைத் தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, காளையின் கழுத்தைத் தடவிக் கேட்டாராம்: "மரியாதை இருக்கட்டும் அப்பா, நான் ஊர் போய்ச் சேர வேண்டாமா?"

அன்று மாலை அம்மையார் மான்மவுத் ஜங்ஷனிலுள்ள தம் வீட்டில் எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னார். கணவர் தம் நெஞ்சில் கட்டுப் போட்டிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னதை, அவரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்: "புஷ்பா, எனக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டர் லெஃப்ட் ஹாண்டு, தெரியுமா? என் முன்னால மரியாதை பாத்து ரைட்ல தைச்சிருந்தா நான் இப்ப இங்க உக்காந்திருப்பேனா? இன்சூரன்ஸ் என்னவோ ஆகட்டும். நீ போய்ச் சொல்லிடு."

இலையுதிர் காலத்தில் தலைவர் மறுபடியும் வந்தார். அதே அறை, அதே மேசை. ஓகுமுரா காகிதத்தைப் பற்றிப் பேச வாயெடுக்குமுன் அம்மையார் எழுந்தார். ஷிசுகு பேனாவை இடக்கையில் எடுத்தார். இம்முறை கை மாறவில்லை. ஒரு வரி எழுதினார். எழுத எழுதப் பின்னால் வந்த கை எழுத்தை இழுத்துச் சென்றது. வரி முழுவதும் நீலப் புகையாயிற்று. பிறகு அந்தக் கையைத் திருப்பி, எல்லாரும் காண மேசைமேல் வைத்தார்.

"அன்று கையை மாற்றி உங்களுக்கு மரியாதை செய்தேன் ஐயா," என்றார், ஆங்கிலத்தில். "பேனாவுக்குச் செய்யவில்லை. அதை வாங்கப்போகும் குழந்தைக்கும் செய்யவில்லை. பிழை காகிதத்தின்மேல் இல்லை. என்மேல்."

முதியவர் அந்த நீலக்கையைக் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு தாளைக் கேட்டு வாங்கினார். அதே பேனாவைத் தம் வலக்கையில் எடுத்தார். தாளின் வலது கோடியில் தொடங்கி, மேலிருந்து கீழாக ஒரு வரி எழுதினார். அதற்கு இடப்பக்கத்தில் இன்னொரு வரி. அதற்கும் இடப்பக்கத்தில் மற்றொன்று. அவர்கள் நாட்டின் பழைய எழுத்துமுறை அது: எழுத்து மேலிருந்து கீழே இறங்கும், வரிகள் வலமிருந்து இடம் செல்லும். எழுதும் வலக்கை, சற்றுமுன் எழுதிய வரியின்மேல்தான் ஊர்ந்தாகவேண்டும்.

மூன்று வரியும் நீலப் புகையாயிற்று. முதியவர் தம் கையைத் திருப்பி, அம்மையாரின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று வலக்கை, ஒன்று இடக்கை. இரண்டிலும் ஒரே இடத்தில், சுண்டுவிரலின் கீழ், ஒரே நீலம்.

அவர் ஜப்பானிய மொழியில் பேச, ஓகுமுரா ஆங்கிலத்தில் சொன்னார்: "என் பாட்டனார் காலத்தில் எழுதுகிறவர் எல்லாருக்குமே கை கறுக்கும். அதற்காகத்தான் அவர் கையில் ஒட்டாத பென்சில் செய்தார். பிறகு எங்கள் எழுத்து குறுக்கே போகப் பழகிவிட்டது, கை வெளுத்துவிட்டது, எங்களுக்கு மறந்துவிட்டது. மறக்காத கை ஒன்று இந்தக் கட்டடத்தில் இருந்திருக்கிறது. அதை நான் குனிந்து பேனா நீட்டியே ஒளியச் செய்துவிட்டேன்."

முடிந்துவைத்த இரண்டு சொற்களை இப்போது அவிழ்த்துக்கொள்ளுங்கள், தோழர்களே! "கை கறுக்காது."

முதியவர் எழுந்து கைகுலுக்க வலக்கையை நீட்டினார். அம்மையாருக்கோ எந்தக் கையை நீட்டுவது என்ற குழப்பம். கடைசியில் இரண்டையும் கூப்பிவிட்டார். இடக்கையின் நீலம் வலக்கையிலும் ஒட்டிக்கொண்டது. "நல்லதாப் போச்சு," என்றார் சந்தானம், பின்னால் எங்களிடம். "அப்பவாவது ரெண்டு கையும் ராசியாச்சு."

சோதனைக்கூடம் பூட்டப்படவில்லை. பேனாதான் நிறுத்தப்பட்டது, கடைகளிலிருந்து அத்தனையும் திரும்பி வந்தது. தியாகராஜா அடுக்க இடமில்லாமல் தம் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்தார். அதன்பின் ஒசாகாவின் வேதியியலார் குப்பி குப்பியாகப் புது மை அனுப்ப, அம்மையார் ஓயாமல் எழுதினார், இழுத்தார், கறைபட்டார், திருப்பி அனுப்பினார். "அக்கான்ர கையைப் பார்த்தாலே போதும், இந்தக் கிழமை மை சரியோ பிழையோ எண்டு தெரியும்," என்பார் தியாகராஜா. 1996இல் ஒருநாள் அம்மையார் சோதனைக்கூடத்திலிருந்து வெளியே வந்து, இடக்கையை உயர்த்திக் காட்டினார். வெறும் கை! கழுவாத கை! ரோஷினி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவரை மறந்து கத்திவிட்டாள்.

இன்று ஷிராசாகியின் எந்தக் கிளையிலும், எந்தப் பேனாவும், முதலில் இடக்கையால் எழுதி, பிறகு மேலிருந்து கீழாக எழுதி, அதன்பிறகே மற்றபடி சோதிக்கப்படுகிறது. அந்த முதல் கோட்டுக்கு ஒசாகாவில் "புஷ்பா சான் கோடு", அதாவது புஷ்பா அம்மையார் கோடு, என்று பெயராம். பேனாப் பெட்டிகளிலும் இப்போது அந்தப் பழைய இரண்டு சொற்கள் ஏறியிருக்கின்றன.

கதை முடிந்தது. இனி "அவர்" இல்லை, நீங்கள்தான்.

அம்மையீர்! அடக்கத்தின் அணிகலனே, உண்மையின் உரைகல்லே! இதயம் தைத்த தையல் பிரியாத இனிய துணைவரோடு, மையும் கையும் ஓய்ந்த மாலைப் பொழுதுகளில், விரும்பியபோது விழித்து, விரும்பிய இடம் சென்று, நலிவு அறியாத உடலும் நரை காணாத மனமும் பெற்று நெடிது வாழ்க! எத்தனையோ பள்ளிகளில், எத்தனையோ பிஞ்சு இடக்கைகள், உங்கள் பெயர் அறியாமலே வெளுப்பாக வீடு திரும்புகின்றன. அந்தக் கைகளெல்லாம் சேர்ந்து உங்களை வாழ்த்துவதாகக் கொள்க!

இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். இம்மடல் நீங்கள் செய்த மையில், கையால் எழுதப்பட்டது. சட்டம் தயார், கண்ணாடி மட்டும் இன்னும் பொருத்தவில்லை. எங்கள் ஒப்பங்களுக்குக் கீழே ஒரு கோடு வெறுமையாக இருக்கிறது. கூடத்தில் உங்களைவிட மூத்தோர் பலர் இருக்கிறார்கள்; முன்வரிசையில் ஓகுமுரா இருக்கிறார்; மேல்தளத்தில் பெருமாளே இருக்கிறார். இத்தனை பேர் முன்னிலையில், அந்தக் கோட்டின்மேல், உங்கள் கையால் ஒப்பமிடுங்கள் அம்மா. எந்தக் கை என்று நாங்கள் சொல்லவேண்டியதில்லை. ஒப்பமிட்டு, கையை எடுக்காமல் அதன்மேலேயே இழுத்துச் செல்லுங்கள்.

ஒட்டாது.

உங்கள் நீலக்கையை நெஞ்சில் ஏந்தும்,
ஷிராசாகி பேனா பென்சில் நிறுவனத்தின் பார்சிப்பனிக் கிளைத் தமிழ்ப் பணியாளர்கள்

சந்தானம்
தியாகராஜா
ரோஷினி

பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி
ஜூன் 2001

________________